என்ஜின் அப்புறம், முதலில் பெட்டியைப் பார்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் மன்றம் அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியதுமே 'நட்பு', 'தாய்', 'வேலையில்லாத் திண்டாட்டம்' என்று நல்ல தலைப்பெல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது கொஞ்சம் ஆயில் நாற்றம் அடிக்கிற தலைப்பு. பரவாயில்லை. இந்த வருடம் நம் கல்லூரியில் அதிகம் சத்தம் போட்டுப் பேசப்பட்ட விஷயம் அதுதானே!

ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 12 பேர் சேர்ந்து ஒரு வண்டி கட்டப் போகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டுபவர் முதுகுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்கு முன்னால் என்ஜின் உட்காரும் வண்டி. பழைய கார் ஒன்றின் என்ஜினை எடுத்து நாமே அடிக்கிற சேசிஸில் வைக்கப் போகிறோம். ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டதில் 36,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கேன்டீனில் ஒரு மாதமாக நடக்கும் சண்டையெல்லாம் ஒரே கேள்விக்குத்தான்: "எந்த என்ஜின் போடலாம்?"

கேள்வியை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. "எந்த டிரான்ஸ்ஆக்சில் போடலாம்?" என்று முதலில் கேட்போம். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் என்ஜின் தானாக வந்து சேரும். என்ஜினை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பெட்டி தேடுகிறவன், மாப்பிள்ளையை மணவறையில் உட்கார வைத்துவிட்டுப் பெண் தேடுகிறவன்!

அது என்ன டிரான்ஸ்ஆக்சில்?

சிவில், எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் தோழர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் யானைக்கவுனிப் பக்கம் வந்தால் வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் ஏற்ற நிற்கும் லாரிக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பாருங்கள். முன்னால் என்ஜின். அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு கியர்பாக்ஸ். அங்கிருந்து நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்பக்கம் ஓடும். பின் அச்சின் நடுவில் பானை போல வீங்கியிருப்பது டிஃபரன்ஷியல். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டு ஆன நம் எண்ணூர் கம்பெனியின் பழைய லாரிகள் எல்லாம் இந்த வரிசைதான். 2014 வரை தயாரான அம்பாசிடரும் இதே வரிசைதான்.

இப்போது அதே ரோட்டில் நிற்கும் ஒரு பழைய பஜாஜ் ஆட்டோவைப் பாருங்கள். பின் சீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்தால் எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். என்ஜின், கிளட்ச், கியர், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டே கிடையாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட் வெளியே வந்து நேராகச் சக்கரத்தைச் சுற்றும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் இருந்தால் அதுதான் டிரான்ஸ்ஆக்சில். டிரான்ஸ்மிஷன் பாதி, ஆக்சில் பாதி. பெரிய பெயராக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தினம் அதன் மேல் உட்கார்ந்துதான் சென்ட்ரலுக்குப் போய்வருகிறோம்!

நாம் கட்டும் வண்டியில் என்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போட இடமில்லை. அதனால் டிரான்ஸ்ஆக்சில் இல்லாமல் வண்டி இல்லை. என்ஜின் தருவது வெறும் சுற்று. அந்தச் சுற்றைச் சக்கரம் தாங்குகிற வேகமாகவும் விசையாகவும் மாற்றித் தருவது இந்தப் பெட்டி. சேசிஸில் எதை எங்கே தொங்கவிடுவது, சக்கரம் எங்கே வரும், ஓட்டுபவர் எங்கே உட்காருவார் என்பதைக்கூட அதுதான் தீர்மானிக்கிறது.

பணம் இருந்தால் போதுமா?

"நம்மகிட்ட காசு இல்ல, அதான் இவ்ளோ யோசிக்கிறோம்" என்று ஒரு தோழர் சொன்னார். சரி, உலகத்திலேயே காசுக்குப் பஞ்சமில்லாத ஒருவரின் கதையைப் பார்ப்போம்.

1960-களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி, பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரியைத் தோற்கடிக்கக் கிளம்பியது. ஓட்டுபவருக்குப் பின்னால் என்ஜின் வைத்த ஜி.டி.40 காரைக் கட்டியது. அதில் 4.2 லிட்டர், 8 சிலிண்டர் என்ஜின். அந்த என்ஜினோடு சேர்த்தது இத்தாலியின் கொலோட்டி டிரான்ஸ்ஆக்சில். 1964-ல் மூன்று கார்கள் லெமானுக்குப் போயின. ஒன்றுகூடக் கடைசி வரை ஓடவில்லை. ஒன்று தீப்பிடித்தது. மற்ற இரண்டும் கியர்பாக்ஸால் நின்றன.

பிறகு ஃபோர்டு என்ன செய்தது? கொலோட்டியை விட்டுவிட்டு ஜெர்மனியின் இசட்.எஃப். பெட்டிக்கு மாறியது. 7 லிட்டர் என்ஜின் போட்ட காருக்கு டி-44 என்று சொந்தமாகவே ஒரு டிரான்ஸ்ஆக்சில் கட்டியது. வெறும் 4 கியர்தான். கனமான பெட்டிதான். ஆனால் தாங்கியது. 1966-ல் முதல் மூன்று இடங்களும் ஃபோர்டுக்கே! நம்மிடம் இருப்பது 36,000 ரூபாய். ஃபோர்டு கோடி கோடியாகச் செலவு செய்து கற்ற பாடத்தை நாம் ஓசியில் கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லையா?

காசு குறைந்தவர் கதையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கூப்பர் என்ற சின்னக் கம்பெனி. என்ஜினைப் பின்னால் வைத்த அவர்கள் கார்தான் 1959-ல் ஜாக் பிராபமுக்கு ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கித் தந்தது. அதற்கு டிரான்ஸ்ஆக்சில் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1934-ல் வந்த சிட்ரோயன் குடும்பக் காரின் முன்சக்கரப் பெட்டியை அடிப்படையாக வைத்து, பலப்படுத்திப் பயன்படுத்தினார்கள். கையில் கிடைக்கிற பெட்டி எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொண்டு அதைச் சுற்றிக் காரைக் கட்டினார்கள். உலகப் பட்டமே வந்தது.

நம் ஊரில் யாரும் செய்யவில்லையா?

செய்திருக்கிறார்கள். யானைக்கவுனியிலிருந்து வடக்கே ஜி.என்.டி. ரோட்டில் செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் அங்கேதான் பந்தயம் நடத்தியது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்தது.

அந்தக் காலத்தில் பந்தயக் கார் என்றால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிற பொருள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கோவைக்காரர் எஸ். கரிவரதன். 1988-ல் அவர் கொண்டுவந்தது ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். மாருதி 800 காரின் 796 சி.சி. என்ஜினையும் அதன் கியர் பெட்டியையும் எடுத்து, ஓட்டுபவருக்குப் பின்னால் வைத்தார்கள். முதல் இந்தியராக 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய நாராயண் கார்த்திகேயன், ஆரம்பத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அந்த 800 என்ஜினின் திறன் 40 குதிரையைக்கூட எட்டாது. கேன்டீனில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என்ஜினும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பிறந்தவை. ஊர் ஊராக ஸ்பேர் கிடைக்கும். எத்தனையோ பையன்கள் ஓட்டக் கற்றுக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

பெட்டியிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: நீ எந்தப் பக்கம் சுற்றுவாய்? கேட்கச் சிரிப்பாக இருக்கும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின் அச்சுக்குப் பின்னால் என்ஜின், முன்னால் கியர்பாக்ஸ். அந்த என்ஜினை அச்சுக்கு முன்னால் கொண்டுவர மொத்த செட்டையும் அப்படியே திருப்பி வைத்தால் என்ன ஆகும்? வண்டிக்கு 4 ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு ஃபார்வர்டு கியர்! அமெரிக்காவில் பீட்டில் பாகங்களை வைத்து ஃபார்முலா வீ கார் கட்டியவர்கள், உள்ளே கிரவுன் வீலைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டு இதைச் சரிசெய்தார்கள். எல்லாப் பெட்டியிலும் அப்படி மாற்ற உள்ளே இடம் இருக்காது.

மாருதி 800 போல என்ஜின் குறுக்காக உட்காரும் காரில் இந்தத் தொல்லை இல்லை. திருப்பவே வேண்டாம். முன்னால் இருந்த செட்டை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால் சக்கரம் முன்பு சுற்றிய பக்கமே சுற்றும். 1972-ல் ஃபியட் கம்பெனி 128 காரின் முன்பக்க செட்டை வைத்து எக்ஸ்1/9 காரைக் கட்டியது இப்படித்தான். 1984-ல் டொயோட்டா எம்.ஆர்.2 வந்ததும் இதே வழியில்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முன்பக்க ஹப் ஸ்டியரிங்கில் திரும்பும் ஹப். பின்னால் வைக்கும்போது அதன் ஸ்டியரிங் கையை ஒரு ராடு போட்டுச் சேசிஸோடு அசையாமல் கட்ட வேண்டும். கியர் லீவருக்குப் பின்னால் பெட்டி போய்விடுவதால் லிங்கேஜ் தள்ளுவதும் இழுப்பதும் தலைகீழாகும். அதையும் முன்கூட்டியே படம் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நீ எவ்வளவு தாங்குவாய்? இங்கே கொஞ்சம் கணக்கு. தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பர் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

எளிதாக இருக்க முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம். சின்ன என்ஜின் தருவது 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. முதல் கியர் 3.5, கடைசி டிரைவ் 4.3. மூன்றையும் பெருக்கினால் சக்கரத்தில் ஏறத்தாழ 900. மூன்றாவது கியர் 1.3 என்றால் 60 × 1.3 × 4.3, அதாவது 335. நம் வண்டி ஆளோடு 500 கிலோ, அதில் 60 சதவீதம் பின் சக்கரத்தில், டயர் பிடிப்பு 0.8, டயர் ஆரம் கால் மீட்டர் என்று வைத்தால், டயர் தாங்கும் எல்லை ஏறத்தாழ 590. அதற்கு மேல் போனால் டயர் வழுக்கும். வழுக்கினால் கியருக்கு விடுதலை.

முதல் கியரில் 900 வருகிறது, 590-லேயே டயர் விட்டுக்கொடுத்துவிடுகிறது. எந்த என்ஜின் போட்டாலும் அங்கே பெரிய மாற்றம் இல்லை. அதனால்தான் "ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு பார்த்தேன், ஒண்ணும் ஆகல" என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது 110 நியூட்டன் மீட்டர் தரும் பெரிய என்ஜினை அதே பெட்டியில் மாட்டுங்கள். மூன்றாவது கியரில் 335 பார்த்துப் பழகிய பல்லுக்கு 590 வரை வரும். டயர் அதற்கு முன் வழுக்காது. மூன்றாவது கியர் என்பது கண நேரம் போட்டு எடுக்கிற கியரும் இல்லை, நிமிடக்கணக்கில் அழுத்திக்கொண்டே போகிற கியர். பெட்டியின் பல்லும் பேரிங்கும் அங்கேதான் தேயும்.

இன்னொன்றும் உண்டு. முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பாரம் பின்னால் சாயும், முன் டயர் லேசாகும், சீக்கிரம் வழுக்கும். அதே பெட்டியைப் பின்னால் வைத்தால் பாரம் அதன் சக்கரத்தின் மேலேயே வந்து உட்காரும். டயர் நன்றாகப் பிடிக்கும். வண்டிக்கு நல்லது, பெட்டிக்குக் கஷ்டம். பழைய வீட்டில் இருந்ததைவிடப் புது வீட்டில் அதற்கு வேலை அதிகம் என்று தெரிந்துதான் அழைத்து வர வேண்டும்.

இந்தக் கணக்கை வீட்டில் நோட்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா என்ன என்று கேட்டார். வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் மூட்டை இறக்குபவர். நான் விளக்கியதைக் கேட்டுவிட்டு, "மூட்டை எவ்ளோ தூக்கலாம்ங்கறது கையில இல்லடா, இடுப்புல இருக்கு. கை எல்லாத்தையும் தூக்கும். இடுப்பு போச்சுன்னா நாலு மாசம் படுக்கை" என்றார். நான் ஒரு பக்கம் போட்ட கணக்கு அவருக்கு இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி: உன் கியர் விகிதம் எங்கள் வேலைக்குப் பொருந்துமா? இதற்கு நல்ல உதாரணம் 2007 முதல் நடக்கும் பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி. மாணவர்கள் கட்டும் கரடுமுரடுப் பாதை வண்டிகளுக்கான போட்டி. அதில் பல ஆண்டுகள் எல்லா அணிக்கும் ஒரே 10 குதிரைத் திறன் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின்தான். யாரும் பெருமை அடிக்க முடியாது! ஆகவே ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் பெட்டியில்தான் இருந்தது. நிறைய அணிகள் தேடிப் போனது மகிந்திரா ஆல்ஃபா என்ற சரக்கு ஆட்டோவின் டிரான்ஸ்ஆக்சிலை. முதல் கியரில் மொத்த விகிதம் ஏறத்தாழ 31, நான்காவதில் ஏறத்தாழ 7. அரை டன் சரக்கோடு மேடு ஏறச் செய்த பெட்டி, 10 குதிரையை வைத்துக்கொண்டு பாறை மேல் ஏறியது. வசதி உள்ள அணிகள் பெல்ட் டிரைவோடு சொந்தமாகக் கியர் வெட்டினார்கள். மற்றவர்களுக்கு ஆட்டோ ஸ்டாண்டே ஆராய்ச்சிக்கூடம்.

அதே ஆல்ஃபா பெட்டியை 5,000 சுற்று ஓடும் கார் என்ஜினோடு நம் டயரில் மாட்டினால் வேகம் மணிக்கு 65 கி.மீ. பக்கத்திலேயே நின்றுவிடும். கார் பெட்டியில் டாப் கியரின் மொத்த விகிதம் 3.9 அளவில் இருக்கும். அதில் 120 கி.மீ. வரும். மட்டமான பெட்டி, உசத்தியான பெட்டி என்று ஒன்றும் இல்லை. வேலைக்குப் பொருந்துகிற பெட்டி, பொருந்தாத பெட்டி, அவ்வளவுதான்.

நான்காவது கேள்வி: உன் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூட வருவார்களா? டிரான்ஸ்ஆக்சில் தனியாக வராது. டிரைவ் ஷாஃப்ட் இரண்டு, அதன் ஜாயின்ட்டுகள், கிளட்ச் ஃபோர்க், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃப்ளைவீல், மவுண்டிங் பிராக்கெட், கியர் லிங்கேஜ் எல்லாம் அதே காரிலிருந்து வந்தால் ஒரு விலை. தனித்தனியாகத் தேடினால் மூன்று விலை. வேறு கம்பெனி என்ஜினை மாட்ட வேண்டுமென்றால் நடுவே அடாப்டர் பிளேட் வெட்ட வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் பெட்டியின் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் சீக்கிரம் போகும். டயல் கேஜ் வைத்துப் பார்த்துச் செய்கிற வேலை அது. வெல்டிங் வைத்துச் சமாளிக்கிற வேலை கிடையாது.

எதிர்க்கட்சிக்குப் பதில்

"பெரிய என்ஜின் போட்டாத்தான் எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் மதிப்பார்" என்கிறார்கள். மதிப்பார், வண்டி ஓடினால். ஓடாத 100 குதிரையைவிட ஓடுகிற 37 குதிரைக்குத்தான் வைவாவில் மரியாதை. "எங்க வண்டியில என்ஜின் இவ்ளோ" என்று சொல்ல ஒரு வரி போதும். "இந்தப் பெட்டி ஏன்?" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல நமக்குப் பத்து நிமிடம் விஷயம் இருக்க வேண்டும்.

"பெட்டி உடைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்கலாம், புதுப்பேட்டை எங்க போகுது?" என்கிறார்கள். புதுப்பேட்டை எங்கும் போகாது. காசுதான் போகும்! 12 பேரில் பலருக்கு அந்த 3,000 ரூபாய் சும்மா வந்த பணம் இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பங்கை அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்தார். வாராவாரம் கட்டுகிறார். உடைந்த கியருக்கு இரண்டாவது கடன் கேட்க எனக்கு வாய் வராது. இங்கே படிக்கும் பாதிப் பேருக்கு இதே கதைதான் என்பது கேன்டீன் கணக்கு நோட்டைப் பார்த்தாலே தெரியும்.

"எல்லாத்துக்கும் கணக்கு போட்டா எப்பதான் வண்டி கட்டறது?" என்று ஒரு கேள்வி. இதில் நியாயம் உண்டு. கணக்கோடு நின்றுவிடுபவன் டெக்னீஷியன் ஆக முடியாது. ஆனால் நான் சொன்ன நான்கு கேள்விக்கும் பதில் தேட ஒரு வாரம் போதும். உடைந்த பெட்டியைக் கழற்றி மாட்டவே ஒரு மாதம் ஆகும்.

நம் தெருவில் ஓடும் 'என்ஜின் மாற்றம்'

காசிமேட்டிலிருந்து வால்டாக்ஸ் ரோடு வரைக்கும் என்ஜினை மாற்றிப் பொருத்துவது என்பது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. மீன்பாடி வண்டியைத்தான் சொல்கிறேன். மிதிக்கச் செய்த மூன்று சக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் என்ஜினை மாட்டி, செயின் போட்டு ஓட்டுகிறார்கள். மாட்டித் தருகிற மேஸ்திரிகளின் கை வேலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். டிப்ளமோ இல்லாமலே நம்மைவிட நன்றாக லேத்தும் வெல்டிங்கும் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் அங்கேயும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "என்ஜின் இழுக்குமா?" இழுக்கிறது. மிதிவண்டி வேகத்துக்குச் செய்த சட்டமும் அச்சும் பிரேக்கும் அந்த இழுப்பைத் தாங்குமா என்று கேட்பவர் குறைவு. திருப்பத்தில் கவிழ்வதும் இறக்கத்தில் நிற்காமல் போவதும் அதனால்தான். அடிபடுவது நம் அண்ணன், மாமாக்கள். போலீஸ் பிடித்தால் போவது ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்து, பதிவுச் சான்றில் எழுதிய விவரத்துக்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. ஆகவே நாம் கட்டும் வண்டி கல்லூரி மைதானத்திலும் போட்டித் தடத்திலும் மட்டுமே ஓட வேண்டும். பேசின் பிரிட்ஜ் வரைக்கும் ஒரு ரவுண்டு என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுவோம்!

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாங்குமா என்று முதலில் கேட்கும் பழக்கம் நமக்கு வந்தால், அது இந்த ஒரு வண்டியோடு நிற்காது. நாளைக்கு நம் தெரு ஷெட்டில் போய் உட்காரும்போது, "அண்ணே, என்ஜின் இருக்கட்டும், இந்த அச்சு எவ்ளோ தாங்கும்?" என்று கேட்கத் தோன்றும். படித்தவன் தெருவுக்குத் திருப்பித் தர வேண்டியது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அவர்கள் நமக்குத் தொழில் கற்றுத் தரட்டும், நாம் அவர்களுக்குக் கணக்குப் போட்டுத் தருவோம்.

என் ஓட்டு யாருக்கு?

ஒளித்துப் பேச வேண்டாம். என் ஓட்டு மாருதி 800 செட்டுக்கு. 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுவிட்ட கார்தான். ஆனாலும் காயலாங்கடையில் இன்னும் என்ஜினும் பெட்டியும் ஷாஃப்டுமாக முழு செட்டாகக் கிடைக்கிறது. கரிவரதன் காட்டிய வழியும் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டாவது ஓட்டு டாடா நானோவுக்கு. 2009-ல் விற்பனைக்கு வந்து 2018-ல் உற்பத்தி நின்ற கார். 624 சி.சி., 4 கியர். பிறந்ததிலிருந்தே பின்னால் உட்கார்ந்து பழகிய செட், நமக்கு மாற்று வேலை குறைவு.

வாங்கப் போகும்போது வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வரக் கூடாது. டிரெயின் போல்ட்டைத் திறந்து ஆயிலைக் காகிதத்தில் ஊற்றி, இரும்புத் துகள் மினுக்குகிறதா பார்க்க வேண்டும். மவுண்டிங் காதுகளில் விரிசல் இருக்கிறதா தடவிப் பார்க்க வேண்டும். இன்புட் ஷாஃப்டை ஆட்டி ஆட்டம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றி, எத்தனை சுற்றுக்கு எத்தனை சுற்று என்று எண்ணி எழுத வேண்டும். அந்தச் சீட்டுதான் நம் வண்டியின் ஜாதகம். கடைக்காரர் அவசரப்படுத்தினால், "அண்ணே, டீ சாப்பிட்டு வாங்க, அதுக்குள்ள பார்த்துடறோம்" என்று சொல்லுங்கள்.

மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். வாங்கி வந்த பெட்டியைச் சேசிஸில் ஏற்றும் முன் ஒர்க் ஷாப்பில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். எல்லாப் பிரிவு மாணவர்களும் வந்து பார்க்கட்டும். கியர் விகிதத்தைப் பரீட்சையில் பத்து மார்க் கணக்காகப் போட்டுவிட்டு, கியரைக் கையால் தொடாமலே டிப்ளமோ வாங்கிப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதல் ஆண்டுத் தம்பி தங்கைகள் பல்லை எண்ணிப் பார்க்கட்டும். நாம் போட்ட கணக்கு, வாங்கிய விலை, பட்ட பாடு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி லைப்ரரியில் வைப்போம். அடுத்த வருடம் வண்டி கட்டுகிறவர்கள் நாம் விட்ட இடத்திலிருந்து தொடங்கட்டும்.

தோழர்களே, அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில் கை தூக்கும் நேரம் வரும். குதிரைத் திறனைப் பார்த்துக் கை தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கை தூக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைத் தாங்கப் போவது எது?" பதில் சொல்கிறவர் கட்சியில் சேருங்கள். அது என் கட்சியாக இல்லாவிட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்!